இரண்டு முறை தட்டினால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்கிற கட்சியில் நான் இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து கொட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், எந்தப் பாரமும் குறைந்த மாதிரி தெரியவில்லை. என் நாத்தனார் எனக்கு வைத்திருக்கும் பெயரே ரேடியோ. "ரேடியோவ யாராவது கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் சொன்னால் சலவைக்கூடமே சிரிக்கும். அப்படிப்பட்ட என்னைப் போய், ஆறு புதன்கிழமை ஓர் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வா என்று கம்பெனி அனுப்பியது.

அனுப்பியதற்குக் காரணம் என் நாத்தனாரின் வலது கை.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில். அங்கே படுக்கை விரிப்புகளுக்கென்றே ஓர் உருளை இயந்திரம் உண்டு. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வந்து விழும். நான் முன்பக்கம், நாத்தனார் பின்பக்கம். சில சமயம் விரிப்பு உருளையில் சுற்றிக்கொள்ளும். உடனே நான் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும், அவர் பின்னாலிருந்து கையை விட்டுத் துணியை உருவ வேண்டும்.

விதிப்படி என்றால், கையை விடுவதற்கு முன்னால் சுவரோரம் இருக்கும் மின்பெட்டியை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் பூட்டி, அவரவர் சாவியை அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கை விட்டவர் வெளியே வந்து தன் பூட்டைத் தானே திறந்தால்தான் இயந்திரம் மறுபடி ஓடும். நல்ல விதிதான். ஆனால் மின்பெட்டி நாற்பது தப்படி தள்ளி இருக்கிறது, துணியோ ஒரு நாளைக்குப் பத்து தடவை சுற்றிக்கொள்கிறது. நீங்களே சொல்லுங்கள். எங்கள் இரண்டு பூட்டும் எட்டு வருஷமாக என் குடை மாட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

பூட்டுக்குப் பதிலாக எங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தோம். இயந்திரச் சத்தத்தில் அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, இரும்பில் தட்டினால் மட்டும் கேட்கும். கையை வெளியே எடுத்ததும் நாத்தனார் தன் இடது கை மோதிரத்தால் இரும்புச் சட்டத்தில் இரண்டு முறை தட்டுவார். டக், டக். நான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். வீட்டில் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். மின்விசிறி வேகத்திலிருந்து ஜன்னல் கதவு வரைக்கும் அவர் திறந்தால் நான் மூடுவேன். ஆனால் அந்தத் தட்டுச் சத்தத்தில் மட்டும் எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிசகு வந்ததில்லை.

பிசகு வந்த நாள் காலையில், வேலைக்குப் போகும் பேருந்தில், நாத்தனார் என்னை நடித்துக் காட்டினார். நான் கார் ஓட்டும் தேர்வில் மூன்று தடவை தோற்றவள். மூன்றாம் தடவை, தேர்வு எடுத்தவர் நீட்டிய தாளிலேயே மூக்கைச் சிந்திவிட்டு அழுதேன். அதை வீட்டில் அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் பேருந்துக் கம்பியை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, அழுகையும் மூக்குச் சிந்தலுமாக அப்படியே செய்து காட்டினார். ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. "ரேடியோ ரிப்பேராயிடுச்சு" என்று துணி மடிக்கும் பெண்கள் கேலி செய்தார்கள்.

பதினோரு மணிவாக்கில் ஒரு விரிப்பு சுற்றிக்கொண்டது. சிவப்பை அழுத்தினேன். நாத்தனார் பின்னால் குனிந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். டக், டக் என்று கேட்டது. பச்சையை அழுத்தினேன். அப்புறம் கேட்டது அவருடைய அலறல்.

டக், டக் என்று கேட்டது என்று சொல்லிவிட்டேன். கேட்டதா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியாத விஷயம்.

கையை வெட்டாமல் காப்பாற்றிவிட்டார்கள். தோல் வெந்து, மூன்று விரல் நசுங்கி, அதில் இரண்டு இனிமேல் மடங்காது என்றார் மருத்துவர். எங்கள் மேற்பார்வையாளர் விசாரணைத் தாளோடு மருத்துவமனைக்கே வந்தார். தினம் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவதால் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர். நாத்தனார் இடது கையால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், தானே எழுதிக் கொடுத்தார். "நான் தட்டினேன், பிறகு ஒரு துண்டுத் துணி மீதி இருப்பதைப் பார்த்து மறுபடி கையை விட்டேன், தவறு என்னுடையது." அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. என்னைத் துணி பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே நான் ராத்திரித் தூக்கம் கெட்டு, அழுக்கு மூட்டைகளைத் தப்பான வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அந்த ஆறு புதன்கிழமை.

"அக்காவே எழுதிக் குடுத்தாச்சு. இன்னும் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். இறக்கிவிட்ட சரக்கைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

எனக்கும் அப்படி இருந்துவிட ஆசைதான். ஆனால் நாத்தனார் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது நாள் ஒன்றைக் கவனித்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டுவதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியிடம் பக்கவாட்டில் நிற்கிறார். நான் அவருக்குப் பின்னால் இருக்கும் அலமாரிக்குப் போனால் பேச்சை நிறுத்தாமலே நகர்ந்து சுவரில் சாய்ந்துகொள்கிறார். சோபாவின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு மாறிவிட்டார், ஏனென்றால் அந்த மூலைக்குப் பின்னால்தான் சமையலறைக் கதவு. பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. அதே ரேடியோ, அதே நக்கல். திட்டியிருந்தால் புரிந்திருக்கும். வீட்டை விட்டுப் போயிருந்தால்கூடப் புரிந்திருக்கும். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைக் கண்டு சுவரில் ஒட்டிக்கொள்கிற மனுஷியை எப்படிப் புரிந்துகொள்வது?

அவருக்கு இடுப்பு வரை முடி. ஒரு கையால் பின்ன முடியாது. "நான் பின்னி விடறேன் அக்கா" என்றேன். "வேண்டாம், தம்பியே பின்னட்டும். அவன் பின்னினா தலை வலிக்கறதில்ல" என்றார். என் வீட்டுக்காரர் மூட்டை கட்டுகிற மாதிரி காலை முட்டுக் கொடுத்து இழுத்துப் பின்னுவார். நாத்தனாருக்குக் கண் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். வலிக்கவில்லை என்று சிரிப்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அறை. இரண்டு நாற்காலி, பேருக்கு ஒரு மேசை, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை, என்னைப் பார்க்காமல் எதிர் நாற்காலியைப் பார்க்கும் கடிகாரம். மனநல ஆலோசகர் என் வயசுக்காரப் பெண்மணி. உட்கார்ந்ததும் மேசைக்கு அடியில் ஒரு செருப்பைக் கழற்றிவிடுவார், அதைப் பார்த்ததும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"மேடம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன்" என்றேன். "அன்னைக்கு நான் வேணும்னே அழுத்தினேனா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும். எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

"அதை என்னால கண்டுபிடிக்க முடியாதுங்க."

"அப்போ யாரால முடியும்?"

"தெரியல."

"அப்போ நீங்க எதுக்கு?"

"தெரியாம இருக்கறது உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு."

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒரு துணி ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டால் எங்கள் சலவைக்காரர் தண்ணீரை முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா? கீழே இறங்கும்போது படியை எண்ணுவது போல முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். கண்ணாடிக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டாவது புதன்கிழமை பழி வாங்கிவிட்டேன். ஐம்பது நிமிஷமும் நிறுத்தாமல் பேசினேன். என் வீட்டுக்காரரின் வண்டி, சுற்றறிக்கையின் கையெழுத்து, புதுச் சோப்பில் கை அரிப்பது, பேருந்து தாமதம். அவர் இடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "எல்லாம் வந்துச்சு. பதினோரு மணி மட்டும் வரல" என்றார். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டு போனேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் நாத்தனார் சோபாவில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், திட்டு நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை ஒரு பெரிய தாளைக் கொடுத்து, வேலை செய்யும் இடத்தை வரையச் சொன்னார். உருளையை வரைந்தேன், பொத்தான்களை வரைந்தேன், மேலே ஓடும் நீராவிக் குழாய்களை வரைந்தேன், நாத்தனாருக்கு ஒரு வட்டம் போட்டேன். என்னை வரையப் போனால் குழம்பிவிட்டது. சுவரைப் பார்த்து நின்றேனா, கதவைப் பார்த்தா? சுவர் என்று வரைந்தேன். சுவரில் நாள்காட்டி இருக்கும், அன்றைக்கு அதில் என்ன தாள் என்று ஞாபகமில்லையே. அழித்தேன். கதவு என்று வரைந்தேன். கதவைப் பார்த்து நின்றிருந்தால் நாத்தனாரின் முழங்கை கண்ணில் பட்டிருக்கும். அதையும் அழித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தாகிவிட்டது.

"இதுல எது சரின்னு எனக்கே தெரியல மேடம்."

அவர் ஏதோ குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்து, அதன் பின்பக்கத்தை மேசையில் இரண்டு முறை தட்டினார். ஏதோ யோசனையில் தட்டியது. ஆனால் என்னைப் பார்த்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"உங்க கட்டை விரல்" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கட்டை விரல் நாற்காலிக் கையை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தம். நான் அழுத்தவில்லை. சத்தியமாக நான் அழுத்தவில்லை.

"மறுபடி தட்டுங்க" என்றேன்.

"வேண்டாம்னா விட்டுடலாம்."

"தட்டுங்க மேடம்."

ஒரு தடவை தட்டினார், விரல் சும்மா இருந்தது. இரண்டு தடவை தட்டினார், விரல் இறங்கியது. அவரை நிறுத்தச் சொன்னேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே ஏசியிலிருந்து தகரத்தின் மேல் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு, உடனே இன்னொரு சொட்டு. விரல் அதற்கும் இறங்கியது. சலவைக்கூடத்து நீராவிக் குழாய்கள் நாள் முழுக்க அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கும்.

"அப்போ அன்னைக்குக் கேட்டது குழாயா?"

"இருக்கலாம்."

"இல்ல, அக்கா நிஜமாவே தட்டினாங்களா?"

"இருக்கலாம்."

"ஒண்ணுமே கேக்காம நானா நெனச்சுக்கிட்டதா?"

"அதுவும் இருக்கலாம்."

"இதுக்குத்தான் அவ்வளவு படிச்சீங்களா மேடம்?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. அவ்வளவு நேரம் தொடாமல் வைத்திருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பாதி காலி செய்தேன். அவர் பெட்டியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

நான்காவது புதன்கிழமை, கோபத்தைப் பற்றிக் கேட்டார். அன்றைக்கு நாத்தனார் மேல் கோபம் இருந்ததா என்று.

"இல்லவே இல்ல" என்றேன். பிறகு, "லேசா" என்றேன். பிறகு பேருந்துக் கதை முழுவதும் வெளியே வந்தது. ஸ்டியரிங், மூக்குச் சிந்தல், ஓட்டுநர் சிரித்தது எல்லாம். "அவங்க எங்கயாவது தடுக்கி விழுந்து மூக்கு உடையணும்னு நெனச்சேன் மேடம். நின்ன நேரம் பூரா அதைத்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன்."

"கையைப் பத்தி நெனச்சீங்களா?"

"கையையா? இல்ல. மூக்குதான்."

மூக்கு உடையணும் என்று நினைப்பவள் கை போகட்டும் என்றும் நினைப்பாளா? அந்த நினைப்பு கட்டை விரல் வரைக்கும் இறங்குமா? எனக்குத் தெரியவில்லை, அவரிடம் கேட்டால் இருக்கலாம் என்பார் என்று பயந்து கேட்கவில்லை. அவரே ஒன்று சொன்னார். "கோபம் இருந்துச்சு. கை நசுங்குச்சு. ரெண்டும் உண்மைதான். ஒண்ணாலதான் இன்னொண்ணு நடந்துச்சுன்னு நீங்களே முடிச்சுப் போட்டுட்டீங்க. அந்த முடிச்சு சரியா தப்பான்னு எனக்கும் தெரியாது." முன்னாடியாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அன்றைக்கு என்னவோ, எனக்குத் தெரியாததையே இன்னொருத்தரும் தெரியாது என்று சொன்னது துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

ஐந்தாவது தடவைதான் முதுகு விஷயத்தைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். அவர் வெளியிலிருந்து ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து எதிரில் போட்டு, அதில் நாத்தனார் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றார். இதென்ன குழந்தை விளையாட்டு என்று சிரித்தேன். ஆனால் பேசுவதற்கு முன்னால் எழுந்துபோய் அந்த நாற்காலியைத் திருப்பி வைத்தேன், அதன் முதுகு என் பக்கம் இருக்கிற மாதிரி. ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது. ரேடியோவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்ககிட்ட இதைக் கேட்டிருக்கீங்களா?" என்றார் ஆலோசகர்.

"மன்னிப்பு கேட்டிருக்கேன். அம்பது தடவை. தெரியாம நடந்துடுச்சுக்கா, தெரியாம நடந்துடுச்சுக்கான்னு."

"அவங்க?"

"விடு விடுன்னு சொல்லிட்டு சுவத்துல சாஞ்சுக்கறாங்க."

"தெரியாம நடந்துச்சுன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

அதுவரை என்னை அவர் நெருக்கியதே இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. உறுதியாகத் தெரியாத ஒன்றை ஐம்பது தடவை நாத்தனார் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். அவரும் என்னுடன் இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், நான் எப்போது மென்று முழுங்குகிறேன் என்று அவருக்குத் தெரியாதா?

ஆறாவது புதன்கிழமை காலை, என் வீட்டுக்காரர் சரக்கு ஏற்ற முன்னதாகவே போய்விட்டார். நாத்தனார் பத்து மணிக்குக் கைப் பயிற்சிக்குப் போக வேண்டும். கூடத்தில் ஜன்னலோரம் நின்று இடது கையால் சீப்பை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தார். முடி முகத்தில் விழுந்து கிடந்தது. சீப்பு நழுவி என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அவர் முதுகைச் சுவரோடு சேர்த்துவிட்டார்.

நான் கிட்டே போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்றேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"வேண்டாம்னு சொன்னா நிறுத்திடவா போற? கேளு."

"அன்னைக்கு நீங்க தட்டினீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. வழக்கமாக அந்த மாதிரி இடைவெளி வந்தால் நான் எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன். அன்றைக்கு நிரப்பவில்லை. சமையலறையில் பிரிட்ஜ் சத்தம் ஓடி நின்றது. கீழே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"தெரியல" என்றார்.

"எழுதிக் குடுத்தீங்களே."

"எழுதினேன். அந்தத் தாள்ல தப்பு யாருதுன்னு ஒரு கட்டம்தான் இருந்துச்சு. தெரியலன்னு எழுத இடமே இல்ல. உன் பேரை எழுதியிருந்தா உன்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அப்புறம் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்க ரேடியோ ஓடும். நான் ஒத்தக் கைய வச்சுக்கிட்டு எந்தக் காதைப் பொத்தறது?"

நான் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு டக் டக்னு கேட்டுச்சுக்கா. நீங்க தட்டினதா, குழாயா, நானா நெனச்சுக்கிட்டதான்னு தெரியல. எவ்வளவு யோசிச்சாலும் தெரியல. தெரியாம நடந்துடுச்சுன்னு நான் உங்ககிட்ட சொன்னது உண்மையான்னே எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். நான் உங்களைப் பாக்கல. எட்டு வருஷமா, தட்டினாலும் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுத்தான் அழுத்துவேன். அன்னைக்குப் பாக்கல. கோபத்துல பாக்கல. உங்க மூக்கு உடையணும்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்."

"மூக்கா?"

"மூக்குதான்."

அவர் மடங்காத விரல்களால் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பஸ்ஸுல நான் அதைச் செஞ்சிருக்கக் கூடாது" என்றார்.

"நல்லாத்தான் செஞ்சீங்க. நான் அழுததைவிட நல்லா இருந்துச்சு."

பேச்சு அதோடு நின்றுவிட்டால் தேவலை என்று இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"ஏன்கா எனக்கு முதுகைக் காட்ட மாட்டேங்கறீங்க? என்னைக் கண்டா பயமா?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "அது உனக்குத் தெரியுதா?"

"வீட்டுக்கு வந்த ரெண்டாவது நாள்லேர்ந்து தெரியுது."

"பயம்னு சொல்ல முடியல. இல்லன்னும் சொல்ல முடியல." அவருக்குக் கண் கலங்கியது. என் நாத்தனார் அழுது நான் பார்த்ததில்லை, மருத்துவமனையில்கூட. "உன் காலடி பின்னால கேட்டா உடம்பு தன்னால திரும்பிடுது. நான் திருப்பறதில்ல. சோபாவுல உக்காந்தா நானே எனக்குள்ள சொல்லிப் பாக்கறேன், அட அவதானே, நம்ம ரேடியோதானேன்னு. உடம்பு கேக்க மாட்டேங்குது. தம்பி பின்னறப்போ உயிர் போகுது. உன்கிட்ட குடுக்கணும்னு தினம் நெனைக்கறேன். முடியல."

என் கட்டை விரலைப் பற்றி அவரிடம் சொன்னேன். பென்சில், ஏசித் தண்ணீர், நாற்காலிக் கை எல்லாவற்றையும். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டு கேட்டார். இருவரும் ஆளுக்கொரு திசையில் ஆடு திருடிய கள்ளன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றோம். யார் மேல் தப்பு என்பது இந்தப் பேச்சில் தெளியவில்லை. இனிமேலும் தெளியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இன்னைக்குத்தானே உனக்குக் கடைசி நாள்? அந்தம்மாகிட்ட போய் என்ன சொல்லுவே?" என்றார்.

"தெரியலன்னு சொல்லுவேன். அவங்களுக்குப் பிடிச்ச வார்த்தை அது."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு ஜன்னலோரம் இருந்த இரும்பு முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். சுவரை விட்டு விலகினார். ஒரு நிமிஷம் முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் மெதுவாக நடந்து பின்னால் போய் நின்றேன். அவர் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிட்டன. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. நான் எதையும் தொடவில்லை. சீப்பை என் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இடது கை கீழே இறங்கியது. மோதிரத்தால் முக்காலியின் காலில் இரண்டு முறை தட்டினார்.

டக், டக்.

என் கட்டை விரல் சீப்பின் மேல் இறங்கியது. நான் அதை இறங்க விட்டேன், ஆனால் கையை நீட்டவில்லை. பக்கவாட்டில் குனிந்து எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். இடது கை, வலது கை, இரண்டும் மடியில் இருந்தன.

"பாத்துட்டேன்கா" என்றேன்.

"சரி" என்றார்.

முடியை எடுத்து மூன்றாகப் பிரித்தேன்.